ஆலைச் சங்கும் பால் சங்கும்

வடசென்னை மக்களுக்குச் சங்கு என்றவுடன் இரண்டு பொருள்கள் நினைவுக்கு வரும். ஒன்று, வேலை நேரத்தை அறிவித்து ஊதுகின்ற ஆலைச் சங்கு. மற்றொன்று, கைக்குழந்தையை மடியில் கிடத்திப் பால் புகட்டுகின்ற சிறு சங்கு. முன்னது தாயை வெளியே அழைக்கிறது. பின்னது அவள் இல்லாத வேளையில் வீட்டில் குழந்தையின் வாயருகே வருகிறது. இவ்விரண்டுக்கும் இடையே அகப்பட்டுத் தவிக்கும் இளந்தாய்மாரைப் பற்றியே இம்மாதம் நாம் சிந்திக்க விழைகிறோம்.

இராயப்பர் பெயரால் வழங்கும் இராயபுரமும், அதற்கு வடக்கே திருவொற்றியூரும் எண்ணூரும் ஒரு காலத்தில் ஆண்களின் உழைப்புக்கே பெயர் பெற்றிருந்தன. 1946இல் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கிய முயற்சியே பின்னர் எம்.ஆர்.எஃப். ஆலையாக வளர்ந்தது. 1948இல் எண்ணூரில் மோட்டார் தொழிற்சாலை எழுந்தது. 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் உருவாகத் தொடங்கியது. அந்நாளில் ஷிப்டு முடிந்து வாயிலைவிட்டு வெளிவந்தோர் பெரும்பாலும் ஆடவரே. இன்றோ, மருத்துவமனை, வங்கி, துணிக்கடை, பள்ளி, சரக்குப் பெட்டக நிலைய அலுவலகம் என எங்கு நோக்கினும் நம் பங்குகளின் மகளிர் பணி புரிகின்றனர். குடும்பத்தின் வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அவர்களது ஊதியத்தையும் நம்பியே நிற்கின்றன. ஆகவே, "பிள்ளை பெற்றவள் ஏன் வேலைக்குப் போகவேண்டும்?" என்று கேட்பது எளிது, அக்கேள்விக்குப் பின் அடுத்த மாத அரிசிக்கு யார் பொறுப்பு என்று சொல்வதுதான் அரிது.

ஓர் இளந்தாயின் ஒரு நாள்

இத்தகைய தாய் ஒருத்தியை நாம் மனக்கண்முன் நிறுத்திப் பார்ப்போம். இன்னார் என்று குறிக்கத் தேவையில்லை. ஒவ்வொரு தெருவிலும் அவள் இருக்கிறாள். குழந்தைக்கு ஐந்தாவது மாதம். விடுப்பு முடிந்துவிட்டது. விடியற்காலையில் எழுந்து சமைத்து, குழந்தைக்குப் பாலூட்டி, அத்தையின் கையில் கொடுத்துவிட்டு ஏழு மணிக்குப் புறப்படுகிறாள். மாலை ஏழு மணிக்குத்தான் திரும்புவாள்.

பதினோரு மணியாகும்போது மார்பு கனக்கத் தொடங்குகிறது. ஒரு மணிக்கு அது கல்லாய் இறுகி வலிக்கிறது. எங்கோ ஒரு குழந்தை அழும் ஒலி காதில் விழுந்தால் போதும், பால் தானாகவே கசிந்து ஆடை நனைகிறது. கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, முந்தானையை இழுத்துப் போர்த்துக்கொள்கிறாள். தாங்க முடியாதபோது மேற்பார்வையாளரிடம் சென்று, "சார், பத்து நிமிடம் வெளியே போய் வரட்டுமா?" என்று தலைகுனிந்து கேட்கிறாள். காரணத்தைச் சொல்ல அவளுக்கு நாணம். கேட்க அவருக்குக் கூச்சம். கழிவறைக்குள் சென்று தாழிட்டு, தன் குழந்தையின் உணவைக் கைகழுவும் தொட்டியில் பீய்ச்சி விட்டுவிட்டு, கண்களைத் துடைத்துக்கொண்டு வெளியே வருகிறாள். அதே வேளையில் வீட்டில் மாவுப்பாலைச் சங்கில் ஊற்றிப் பேரப்பிள்ளைக்குப் புகட்டிக்கொண்டிருக்கிறார் அத்தை.

மூன்று வாரங்களில் பால் குறைந்துவிடுகிறது. "பாவம், அவளுக்குப் பால் வற்றிவிட்டது" என்று உற்றாரும் அயலாரும் பேசிக்கொள்கின்றனர். தாய்ப்பால் போதிய அளவு கிட்டாமல் மெலியும் பிள்ளையைச் சவலைப் பிள்ளை என்று நம் முன்னோர் அழைத்தனர். அச்சொல் எங்கே தன் பிள்ளைக்கும் வந்துவிடுமோ என்று அவள் உள்ளம் குமைகிறாள். ஆனால், உண்மையில் அப்பால் தானாக வற்றியதா?

சுரப்பின் நியதி

தாய்ப்பால் குடத்தில் நிறைத்து வைத்த நீரைப் போன்றதன்று. இறைக்க இறைக்க ஊறும் கேணியைப் போன்றது. குழந்தை வாய்வைத்து உறிஞ்சும்போது தாயின் மூளையினடியில் உள்ள சுரப்பியிலிருந்து இரு சுரப்பு நீர்கள் குருதியில் கலக்கின்றன. அவற்றுள் புரோலாக்டின் என்பது பாலை உண்டாக்குகிறது. ஆக்சிடோசின் என்பது உண்டான பாலை இறங்கச் செய்கிறது. பால் வெளியேறினால் மேலும் சுரக்கிறது. மார்பு நிறைந்தபடியே நெடுநேரம் இருந்துவிட்டால், 'இனித் தேவையில்லை' என்று உடல் தானே முடிவு செய்து சுரப்பைக் குறைத்துக்கொள்கிறது. நாள்தோறும் பன்னிரண்டு மணி நேரம் வெளியேற வழியில்லாத பால் குறைவதில் வியப்பென்ன?

குறைவதோடு நின்றாலும் தாழ்வில்லை. பால் கட்டிக்கொண்டு, மார்பு வீங்கிச் சிவந்து, குளிர்க்காய்ச்சல் காண்பதும் உண்டு. உரிய காலத்தில் கவனியாவிடில் சீழ் கட்டவும் கூடும். மேலும், அச்சமும் கவலையும் அவசரமும் ஆக்சிடோசினின் வேலையைத் தடுக்கும் இயல்புடையவை. யாரோ கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்போது பால் இறங்குவதில்லை. இது தாயின் குற்றமன்று, உடலின் இயற்கை.

பிறந்தது முதல் ஆறு மாதம்வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டியதில்லை. அதன்பின் மற்ற உணவுகளோடு இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடரலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வயிற்றுப்போக்கு, சளிக்காய்ச்சல் முதலியவற்றை எதிர்க்கும் ஆற்றல் அப்பாலில் உண்டு. நம் தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனைகளிலேயே நிகழ்கின்றன. இராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ மருத்துவமனையை அறியாத குடும்பம் உண்டோ? ஆயினும், 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளுள் தாய்ப்பால் மட்டுமே பெறுவோர் நாடு முழுவதும் ஏறத்தாழ 64 விழுக்காடு; தமிழ்நாட்டிலோ ஏறத்தாழ 55 விழுக்காடுதான். நல்ல மருத்துவமனைகள் நிறைந்த மாநிலம் இதில் பின்தங்கி நிற்பது நம்மைச் சிந்திக்க வைக்கவேண்டும்.

சட்டம் தந்ததும் தராததும்

உழைக்கும் தாயின் இந்த இடர்ப்பாட்டை உலகம் நெடுங்காலமாகவே அறியும். 1919இல் வாஷிங்டனில் கூடிய அனைத்துலகத் தொழிலாளர் மாநாடு, பாலூட்டும் தாய்க்கு வேலை நேரத்துக்குள் நாள்தோறும் இருமுறை அரை மணி நேரம் அளிக்கவேண்டுமென்று உடன்படிக்கை வகுத்தது. இந்தியாவில் பம்பாய் மாகாணம் 1929இலும், சென்னை மாகாணம் 1934இலும் பேறுகால உதவிச் சட்டங்களை இயற்றின. நாடு முழுமைக்குமான சட்டம் 1961இல் பிறந்தது. அதில் 12 வாரமாக இருந்த ஊதியத்துடன் கூடிய விடுப்பு, 2017இல் முதலிரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமாக உயர்த்தப்பட்டது. அச்சட்டத்தின் கூறுகள் இப்பொழுது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் அடங்கியுள்ளன. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது.

நம் சகோதரிகள் நினைவிற்கொள்ள வேண்டியவை மூன்று. முதலாவது, பிரசவத்திற்கு முந்திய பன்னிரண்டு மாதங்களில் 80 நாள்களேனும் வேலை செய்தவர்க்கு இவ்விடுப்பு உரிமை உண்டு. இரண்டாவது, வேலைக்குத் திரும்பியபின் குழந்தைக்குப் பதினைந்து மாதம் நிறையும்வரை, வழக்கமான ஓய்வு நேரத்திற்கும் மேலாக, நாள்தோறும் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் உண்டு. மூன்றாவது, ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் அமைக்கவேண்டும்; தாய் நாளொன்றுக்கு நான்கு முறை, ஓய்வு நேரமும் உட்பட, அங்குச் சென்று வரலாம். இவை யாரும் போடும் பிச்சையல்ல. ஆயினும், பணியில் சேர்ந்த நாளில் இவற்றைத் தங்களுக்கு எடுத்துச் சொன்னவர் எவருமில்லை என்று கூறும் தாய்மார் பலர்.

இங்கே ஒரு சிறு கணக்கு. 26 வாரம் என்பது ஆறு மாதம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பதற்கு அது சரியாகவே பொருந்துகிறது. ஆனால், அந்த 26 வாரத்தில் எட்டு வாரம்வரை பிரசவத்திற்கு முன்பே எடுக்கலாம். உடல் நலிவினாலோ மருத்துவர் சொல்லினாலோ அவ்வாறு எடுத்தவளுக்குப் பின்னர் எஞ்சுவது 18 வாரமே. அதாவது, குழந்தைக்கு நான்கு மாதம் நிறைந்த சில நாள்களிலேயே அவள் வேலைக்குத் திரும்பவேண்டும். தமிழக அரசு ஊழியர்க்கு 2021 ஜூலை முதல் ஓராண்டு விடுப்பு கிடைக்கிறது. ஏனையோர்க்கு அந்த வாய்ப்பில்லை.

இன்னொரு குறையையும் கூறியாக வேண்டும். பாலூட்டும் இடைவேளை என்னும் எண்ணமே, குழந்தை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது என்ற நினைப்பில் தோன்றியது. எண்ணூரில் குழந்தையை விட்டுவிட்டுச் சென்னைக் கடற்கரைப் பக்கம் வேலை செய்பவள், சரக்குப் பெட்டக லாரிகள் வரிசை வரிசையாய் மறித்து நிற்கும் நெடுஞ்சாலையைக் கடந்து பதினைந்து நிமிடத்தில் சென்று பாலூட்டித் திரும்ப இயலுமா? 2021 பிப்ரவரியில் விம்கோ நகர்வரை மெட்ரோ ரயில் வந்தது பெரிய உதவிதான். எனினும், நண்பகலில் வீட்டுக்கு ஓடிவர அதுவும் போதாது. ஆகவே, தாயால் குழந்தையிடம் செல்ல முடியாதபோது, பாலாவது குழந்தையிடம் செல்ல வேண்டும். அந்த இடைவேளையில் பாலை எடுத்து, தூய்மையாய்ச் சேமித்து, மாலையில் வீட்டுக்குக் கொண்டுசெல்வதே அதற்கு வழி. ஆனால், அதற்கென ஒரு தனி அறை வேண்டுமென நம் சட்டம் வெளிப்படையாகக் கூறவில்லை.

உணவு தயாராகும் இடம் கழிவறையா?

மற்றொரு நாட்டில் நடந்ததைப் பார்ப்போம். அமெரிக்காவில் 2022 டிசம்பரில் நிறைவேறிய சட்டம், குழந்தைக்கு ஓராண்டு ஆகும்வரை தாய் பணியிடத்தில் பால் எடுப்பதற்கு நேரமும், பிறர் கண்ணில் படாத இடமும் தரவேண்டும் என்கிறது. அதோடு நில்லாமல், அவ்விடம் கழிவறையாக இருத்தல் கூடாது என்றும் சேர்த்துச் சொல்கிறது. அந்த ஒரு சொற்றொடரில் எத்தனை தாய்மாரின் கண்ணீர் அடங்கியிருக்கிறது! நாம் எவரும் கழிவறையில் அமர்ந்து உணவு உண்பதில்லை. அவ்வாறிருக்க, ஒரு பச்சிளங்குழந்தையின் உணவை அங்கே எடுத்துவரச் சொல்வது எவ்வகையில் முறையாகும்?

நம் நாட்டிலும் நல்ல அடிகள் எடுத்து வைக்கப்பட்டுள்ளன. 2015 ஆகஸ்டில் தமிழகப் பேருந்து நிலையங்களில் 352 தாய்மார் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. 2025 பிப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம், பொதுக் கட்டடங்களிலும் பொது இடங்களிலும் பாலூட்டும் அறைகள் அமைவதை மாநிலங்கள் கவனிக்கவேண்டுமெனப் பணித்ததுடன், பொது இடத்திலோ பணியிடத்திலோ பாலூட்டுவதை இழிவாக நோக்கலாகாது என்றும் வலியுறுத்தியது. பேருந்து நிலையத்தில் இயலும் ஒன்று, நூறு பேர் வேலை செய்யும் அலுவலகத்தில் இயலாதா? வேண்டுவது அரண்மனையன்று. உட்புறம் தாழிடும் ஒரு சிறு அறை, சாய்ந்து அமர ஒரு நாற்காலி, கைகழுவ நீர், ஒரு மின் இணைப்பு, ஒரு சிறு குளிர்பதனப் பெட்டி. பழைய கோப்புகள் அடுக்கிய அறையை ஒழித்தால் இடம் கிடைத்துவிடும்.

பாலை எடுக்கும் முறையும் காக்கும் முறையும்

பால் எடுக்கக் கருவி இருந்தால்தான் முடியும் என்று அஞ்ச வேண்டியதில்லை. கையால் இயக்குவதும் மின்சாரத்தால் இயங்குவதுமான பம்புகள் கடைகளில் கிடைக்கின்றன. ஆனால், அவை இல்லாமல் கையாலேயே பீய்ச்சி எடுக்க எந்தத் தாயும் கற்றுக்கொள்ளலாம். அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் செவிலியரைக் கேட்டால் காட்டிக் கொடுப்பார். முறை இதுதான்: கைகளைச் சோப்பிட்டுக் கழுவியபின், அமைதியாக அமர்ந்து, மார்பை மென்மையாக நீவிவிட வேண்டும். காம்பிலிருந்து ஏறத்தாழ ஓர் அங்குலத்திற்குச் சற்றுக் கூடுதலாகத் தள்ளி மேலே பெருவிரலையும் கீழே மற்ற விரல்களையும் வைத்து, முதலில் மார்புக்கூட்டை நோக்கி உள்ளே அழுத்தி, பின் விரல்களை ஒன்றையொன்று நோக்கி அழுத்தி விடவேண்டும். காம்பைப் பிடித்து இழுத்தலும் தோலின்மீது விரலைத் தேய்த்தலும் கூடா. ஒரு பக்கம் ஐந்து நிமிடம், மறுபக்கம் ஐந்து நிமிடம் என மாறி மாறி எடுத்தால் இருபது அல்லது முப்பது நிமிடத்தில் முடிந்துவிடும். வலி தோன்றினால் முறையில் பிழை என்று அறிக. குழந்தையின் சட்டை ஒன்றை உடன் வைத்துக்கொண்டு அதன் முகத்தை எண்ணியிருந்தால் பால் எளிதில் இறங்கும்.

மூன்று மணி நேரத்திற்கு ஒரு முறை எடுப்பது நலம். பிரிந்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் ஏறத்தாழ 30 மில்லி என்று கணக்கிட்டுக் கொள்ளலாம். பன்னிரண்டு மணி நேரப் பிரிவுக்கு 350 மில்லி முதல் 400 மில்லிவரை வேண்டியிருக்கும். விடுப்பு முடிய இரண்டு வாரம் இருக்கும்போதே எடுத்துப் பழகத் தொடங்கிவிட்டால் முதல்நாள் கலக்கம் இராது.

எடுத்த பாலை வெந்நீரில் கொதிக்கவைத்துத் தூய்மை செய்த, மூடியுள்ள பாத்திரத்தில் வைத்து, எடுத்த நேரத்தை எழுதி ஒட்டவேண்டும். 25 பாகைக்கு மேற்படாத அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம்வரை அப்பால் கெடாது. ஆனால், நம் சென்னை வெயிலை நாம் அறிவோம். ஆகவே, உடனே குளிர்ச்சியில் வைப்பதே அறிவுடைமை. பனிக்கட்டிப் பொதிகள் வைத்த பெட்டியில் ஒரு நாள்வரையும், குளிர்பதனப் பெட்டியின் உட்பகுதியில் நான்கு நாள்வரையும், உறைநிலைப் பெட்டியில் ஆறு மாதம்வரையும் வைத்திருக்கலாம். நடுக்கடலில் பிடித்த மீனை ஐஸ் பெட்டியில் கெடாமல் கரைசேர்க்கும் கலையைத் தலைமுறை தலைமுறையாக அறிந்த ஊர் நம்முடையது. மீனுக்குக் காட்டும் அந்தக் கருத்தை, தூய்மையான தனிப்பெட்டி ஒன்றில் நம் பிள்ளையின் பாலுக்கும் காட்ட நம்மால் இயலாதா?

குழந்தைக்குக் கொடுக்கும்போது அப்பாலை அடுப்பில் வைத்துக் காய்ச்சலாகாது. பாத்திரத்தை வெதுவெதுப்பான நீருள்ள கிண்ணத்தில் சற்று நேரம் வைத்தால் போதும். மேலே ஆடை போலப் பிரிந்து நிற்பது கொழுப்பே, கெட்டுப்போன அடையாளமன்று. மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். சங்கினாலோ பாலாடையினாலோ சிறு கிண்ணத்தாலோ புகட்டலாம். புட்டியைவிட இவற்றைக் கழுவுவது எளிது. குழந்தை குடித்து எஞ்சியதை இரண்டு மணி நேரத்திற்குமேல் வைத்திருக்கக் கூடாது. உறையவைத்துக் கரைத்த பாலை மீண்டும் உறையவைக்கவும் கூடாது. நோய்க்கு மருந்து உட்கொள்ளும் தாய்மார் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நன்று.

இல்லத்தாரின் பங்கு

அலுவலகத்தில் அறை கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. வீட்டில் மனம் கிடைக்கவேண்டும். அரும்பாடுபட்டு எடுத்துவந்த பாலை, "பழைய பால் பிள்ளைக்கு ஆகாது" என்று கீழே கொட்டிவிடும் வீடுகள் உள்ளன. "வெயிலில் அலைந்து வந்தவள் பால் சூடு, முதலில் பீய்ச்சி விட்டுவிட்டுக் கொடு" என்று சொல்லும் பெரியவர்களும் உள்ளனர். அன்பினால் சொல்லும் சொல்தான். எனினும், வெயிலில் நடந்ததனால் பால் கெடுவதில்லை. வந்த தாய் சற்று அமர்ந்து, தண்ணீர் பருகி, அப்படியே குழந்தையை அணைத்துக்கொள்ளலாம்.

அத்தையரே, அம்மாமாரே, உங்கள் கையில்தான் அப்பிள்ளை பகல் முழுவதும் வளர்கிறது. மருமகள் மாலையில் கொண்டுவரும் பெட்டியை வாங்கி உள்ளே வைக்கும் நொடியில், "இன்றைக்கு எவ்வளவு கிடைத்தது, கண்ணு?" என்று ஒரு சொல் கேட்டுப் பாருங்கள். அச்சொல் மருந்தைவிடப் பெரிது. கணவன்மாரே, பாத்திரங்களைக் கழுவி வெந்நீரில் கொதிக்கவைப்பதும், இரவில் குழந்தையைத் தூக்கி மனைவியின் அருகில் விடுவதும் ஆண்மைக்கு இழுக்கல்ல. இரவு வேளையில் ஊட்டும் பால் சுரப்பை நன்கு காக்கும். அவ்வேளையில் உங்கள் துணை மிக வேண்டும்.

இத்தனை செய்தும் சில தாய்மாருக்குப் பால் போதாமற் போகலாம்; சிலருக்கு நோயினால் கொடுக்க இயலாமற் போகலாம். அவர்களைச் சுட்டி எவரும் ஒரு குறைச்சொல்லும் கூறவேண்டாம். பிள்ளையின்பால் கொண்ட அன்பு அளவைக் குவளையில் தெரிவதன்று. அத்தகைய குழந்தைகளை எண்ணியே தாய்ப்பால் வங்கி என்னும் ஏற்பாடு பிறந்தது. 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிதா பெர்னாண்டஸ் தொடங்கியதே ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி எனப் போற்றப்படுகிறது. நம் எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனையிலும் அத்தகைய வங்கி உண்டு. மிகுதியாய்ச் சுரக்கும் தாய், குறைமாதத்தில் பிறந்த முகமறியாப் பிள்ளைக்கும் தாயாகும் வாய்ப்பு அது.

சட்டம் எட்டாத கூடை

இதுவரை சொன்னவை மாதச் சம்பளக்காரர்களைப் பற்றியவை. காசிமேட்டில் ஏலம் எடுத்த மீனைத் தலையில் சுமந்து தெருத்தெருவாய்ச் செல்பவளுக்கு எந்த நிர்வாகம் இடைவேளை தரும்? நான்கு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவளுக்கு எந்தக் காப்பகம் இருக்கிறது? டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டியார் பெயரில் அரசு வழங்கும் மகப்பேறு உதவி, ஊட்டச்சத்துப் பெட்டகங்களின் மதிப்பும் சேர்த்து 18,000 ரூபாய் ஆகும். வறிய தாய் சில வாரமாவது வீட்டில் இருக்க அது உதவுகிறது. ஆறு மாதத்திற்கு அது எங்ஙனம் போதும்?

இங்கேதான் நாம் ஒவ்வொருவரும் முதலாளிகளாகிறோம். நம் வீட்டில் வேலை செய்யும் பெண் கைக்குழந்தைக்காரியாய் இருந்தால், நடுவில் ஒருமுறை வீட்டுக்குச் சென்று பாலூட்டி வர விடுகிறோமா? குழந்தையை உடன் கொண்டுவந்தால் ஒரு பாயை விரித்துக் கொடுக்கிறோமா? மீன் வாங்கும் வாசற்படியில் அவள் சற்று அமர்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தால் முகம் சுளிக்கிறோமா? பிறர் அலுவலகத்தைக் குறை கூறுமுன் நம் திண்ணையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

2014 ஜனவரியில் வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்தபோது, பசித்து அழும் பிள்ளைக்கு அங்கேயே தயங்காமல் பாலூட்டுமாறு தாய்மாரிடம் கூறினார் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ். உலகப் புகழ்பெற்ற அந்த ஓவியக் கூரையின்கீழ் இழுக்கில்லாத ஒன்று, நம் பங்கு மன்றத்திலும் நம் கடையிலும் நம் அலுவலகத்திலும் இழுக்காகுமா?

நம்மால் இயன்றது

நம் வாசகர்களுள் கடை நடத்துவோரும் பட்டறை வைத்திருப்போரும் மேலாளராய் இருப்போரும் உளர். அவர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. பேறுகால விடுப்பு முடிந்து திரும்பும் பெண்ணிடம், அவள் தலைகுனிந்து கேட்கும்வரை காத்திராமல், "அம்மா, பால் எடுக்க இந்த அறையை வைத்துக்கொள்ளுங்கள், காலையிலும் பிற்பகலிலும் உங்களுக்கு நேரம் உண்டு" என்று நீங்களே முதலில் கூறிவிடுங்கள். இளந்தாய்மாரிடம் வேண்டுவதும் ஒன்று. விடுப்பில் செல்லுமுன்பே எழுத்தில் கேளுங்கள், கேட்பதில் நாணமில்லை. பணியில் மூத்த சகோதரிகள் அவளுக்காகப் பேசுங்கள். நீங்கள் அழுதுகொண்டே கடந்து வந்த வழியில் அவளும் அழவேண்டும் என்னும் நியதி ஏதுமில்லை.

ஆலைச் சங்கு நாளைக் காலையிலும் ஊதத்தான் செய்யும். தாயும் புறப்படத்தான் செய்வாள். அவள் இல்லாத பகலில் பால் சங்கைக் குழந்தையின் இதழருகே கொண்டுசெல்லும்போது, அதில் இருப்பது அவளுடைய பாலாகவே இருக்கட்டும். ஒரு சிறு அறையும் சில நிமிட நேரமும் சற்றே பெரிய மனமும் இருந்தால் அது கைகூடும். அதற்கு நாம் அனைவரும் துணை நிற்போமாக!